ஸ்டீம் டெக் பேட்டரியை நீட்டிப்பது: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில்

ஸ்டீம் டெக், அதாவது வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கம்ப்யூட்டர், புதிதாகக் கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தவறில்தான் மாட்டுகிறார்கள். பேட்டரி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது என்றதும் நேரே டிடிபி ஸ்லைடருக்குப் போய் 15 வாட்டை 7 வாட்டாக இழுக்கிறார்கள். கேம் திக்குகிறது. ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, 'இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது' என்று சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள்.

ஸ்லைடரில் குறை ஒன்றுமில்லை, தொட்ட வரிசையில்தான் பிழை. டிடிபி என்பது சிப் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு மட்டுமே. நூறு பேருக்குச் சமைக்க வேண்டிய அடுப்பில் கேஸை மட்டும் குறைத்தால் சோறு வேகாது. எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்பதை முதலில் குறைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன: அளப்பது, வேலையைக் குறைப்பது, அதன்பிறகே உச்சவரம்பை இறக்குவது.

1. தொடங்கும் முன்

உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று பாருங்கள். 2022-இல் வந்த எல்சிடி டெக்கில் 40 வாட்-மணி பேட்டரி. திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி டெக்கில் 50 வாட்-மணி பேட்டரி. திரை 90 ஹெர்ட்ஸ். சிப்பும் 7 நானோமீட்டரிலிருந்து 6-க்கு இறங்கியது. இனி வரும் கணக்கெல்லாம் இந்த 40, 50 என்ற எண்களை வைத்துத்தான்.

செட்டிங்ஸ், சிஸ்டம் பக்கத்தில் அப்டேட் பாக்கி இருந்தால் முடித்துவிடுங்கள். டெக்கின் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸின் பழைய பதிப்புகளில் சில ஸ்லைடர்கள் வேறு இடத்தில் இருக்கும். கடைசிப் படியில் வரும் சார்ஜ் வரம்பு வசதி 3.7 பதிப்பில்தான் வந்தது.

சோதிக்கும் நேரத்தில் சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. செருகியிருந்தால் பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்ற எண் தெரியாது. ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். நான்கு எண்களுக்குமேல் நினைவில் வைத்துக்கொள்ள முயன்றால் குழப்பம்தான்.

2. வாட்டைப் படிக்கப் பழகுங்கள்

வலது டிராக்பேடுக்குக் கீழே மூன்று புள்ளி பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி, பேட்டரிப் படத்துக்குப் போனால் பர்ஃபார்மன்ஸ் பக்கம் திறக்கும். அங்கே ஓவர்லே (கேமின் மேலே எண்களைக் காட்டும் பட்டை) அளவை 2-இல் வைத்தால் திரையின் மேல் ஓரத்தில் ஒரு வரி ஓடும். அதில் பேட்டரி என்ற இடத்துக்குப் பக்கத்தில் வரும் வாட் எண்தான் நமக்கு வேண்டியது. சிப், திரை, ரேம், வை-ஃபை, விசிறி எல்லாம் சேர்ந்து பேட்டரியிலிருந்து இழுக்கும் மொத்தம் அது.

கணக்கு எளிது: வாட்-மணியை வாட்டால் வகுத்தால் மணி நேரம். எல்சிடி டெக்கில் 24 வாட் ஓடினால் 1 மணி 40 நிமிடம். 16 வாட்டுக்கு இறக்கினால் இரண்டரை மணி. 10 வாட்டில் 4 மணி. ஓஎல்இடியில் அதே 10 வாட்டுக்கு 5 மணி. எல்சிடிக்கு 2 முதல் 8 மணி நேரம் என்று வால்வ் நிறுவனம் சொல்வதைத் திருப்பிப் போட்டால், 20 வாட் முதல் 5 வாட் வரை என்று பொருள். 3 முதல் 12 மணி நேரம் ஓடும் என்று சொல்லப்படும் ஓஎல்இடிக்கு அது சுமார் 17 வாட் முதல் 4 வாட் வரை.

இந்த மொத்தத்தில் ஒரு பகுதி, கேம் எதுவும் ஓடாவிட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். திரையும் ரேமும் எஸ்எஸ்டியும் அதைத் தின்கின்றன. ஆகையால் பாதி டிடிபி என்றால் இரண்டு மடங்கு நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். 15-ஐ 7.5 ஆக்கினாலும் திரைக்கான பங்கு அப்படியேதான் இருக்கும்.

அளப்பதற்குக் கேமில் கனமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: கூட்டமான சந்தை, மழை பெய்யும் தெரு, பெரிய சண்டை. அங்கே சேவ் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் நின்று எண்ணைப் பாருங்கள். மெனுவிலோ குகைக்குள்ளோ அளந்துவிட்டு, 'ஆகா, 9 வாட்தான்' என்று மகிழ்ந்தால் வெளியே வந்ததும் ஏமாற்றம்.

3. கேமுக்குத் தனி ப்ரொஃபைல்

அதே பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'யூஸ் பெர்-கேம் ப்ரொஃபைல்' என்ற சுவிட்ச் உண்டு. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஆன் செய்யுங்கள். வேறு எந்த ஸ்லைடரையும் இதற்கு முன்னால் தொடாதீர்கள்.

இந்தச் சுவிட்சை மறந்துவிட்டு மாற்றினால், மாற்றம் எல்லாக் கேம்களுக்கும் பொதுவான ப்ரொஃபைலில் போய் உட்காரும். விவசாயக் கேமுக்காக 5 வாட் வைத்தது மறுநாள் பெரிய ஆக்ஷன் கேமைத் திறக்கும்போதும் அப்படியே இருக்கும். 'நேற்றுவரை நன்றாக ஓடிய கேம் இன்று திக்குகிறது' என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம். எது எங்கே மாறியது என்றே தெரியாத நிலைக்கு வந்துவிட்டால், அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு மறுபடி தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. ஃபிரேம் வரம்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வரம்பு இல்லாதபோது சிப் தன்னால் முடிந்த அத்தனை ஃபிரேம்களையும் (அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படங்களை) வரைந்து தள்ளும். சீட்டுக்கட்டுக் கேமில் நீங்கள் யோசித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட, ஓஎல்இடி திரைக்கு நொடிக்கு 90 படம் வரையப்படும். அத்தனையும் ஒரே படம்.

ஃபிரேம் லிமிட் ஸ்லைடரை இப்படி வைத்துப் பாருங்கள். பெரிய 3டி கேம்கள், சாகசம், ரோல்-பிளேயிங்: 40. நிதானமான கேம்கள், முறை வைத்து ஆடுபவை: 30. வேகமாகக் கை பேச வேண்டிய சண்டைக் கேம்கள், பிளாட்ஃபார்மர்கள்: 60. ஓஎல்இடியில் 45 இன்னொரு நல்ல நிறுத்தம்; 90 ஹெர்ட்ஸில் சரிபாதி என்பதால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும்.

அது ஏன் 40 என்று கேட்கலாம். 60 ஃபிரேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 30-இல் 33.3. இரண்டுக்கும் நடுப்புள்ளி 25 மில்லிநொடி, அதாவது 40 ஃபிரேம். எண்ணில் 30-க்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தாலும் கண்ணுக்கும் கைக்கும் அது பாதி வழியில் இருக்கிறது. வேலையோ 60-இல் மூன்றில் இரண்டு பங்குதான்.

மிச்சமாகும் மின்சாரம் அந்த மூன்றில் ஒரு பங்கோடு நிற்பதில்லை. வேலை குறையும்போது சிப் தன் வேகத்தை இறக்கும். வேகம் இறங்கினால் மின்னழுத்தத்தையும் இறக்க முடியும். மின்செலவு மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடு சேர்ந்து இறங்கும். டிடிபியைத் தொடாமலேயே வாட் எண் சரிவதை ஓவர்லேயில் கண்ணால் பார்க்கலாம்.

எல்சிடி டெக்கின் திரை 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை போகும். ஓஎல்இடியில் 45 முதல் 90 வரை. ஸ்லைடரில் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பொருந்தும் ஹெர்ட்ஸைக் கருவியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எல்சிடியில் 40-க்கு 40 ஹெர்ட்ஸ், ஓஎல்இடியில் 40-க்கு 80 ஹெர்ட்ஸ். டிஸ்பிளே செட்டிங்ஸில் இந்த இணைப்பைத் துண்டித்து இரண்டையும் தனித்தனியாக வைக்கவும் வழி உண்டு. செய்யாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 ஃபிரேம் ஓடவிட்டால் சில படங்கள் ஒரு சுற்றும் சில படங்கள் இரண்டு சுற்றும் நிற்கும். கேமரா திரும்பும்போதெல்லாம் ஒரு நடுக்கம் தெரியும்.

இன்னொரு பொறி: கேமுக்குள்ளேயும் வி-சிங்க் (படத்தைத் திரையின் சுற்றோடு ஒத்திசைப்பது), ஃபிரேம் வரம்பு என்று இருக்கும். இரண்டு இடத்திலும் வரம்பு போட்டால் ஒன்றையொன்று இடறிக்கொண்டு படம் தடுமாறும், பட்டன் அழுத்தம் தாமதமாகப் போய்ச்சேரும். டெக்கின் வரம்பைப் பயன்படுத்துவதானால் கேமுக்குள் இருப்பவற்றை அணைத்துவிடுங்கள்.

5. கேமுக்குள் கிராபிக்ஸ்

வரம்பு போட்ட பிறகுதான் இந்தப் படி. வரம்பில்லாமல் நிழலைக் குறைத்தால் மிச்சமான சக்தியை சிப் கூடுதல் ஃபிரேம்களாக மாற்றிவிடும். 42-இல் ஓடியது 55-இல் ஓடும், வாட் அப்படியே நிற்கும். 'எல்லாவற்றையும் லோவில் வைத்தும் பேட்டரி நிற்கவில்லை' என்பவர்களின் டெக்கை வாங்கிப் பார்த்தால் வரம்பு போட்டிருக்காது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக லோவுக்குத் தள்ளவும் தேவையில்லை. 7 அங்குலத் திரையில் தெரியாத செலவுகள் எவை என்று பார்த்து வெட்டுங்கள். நிழலின் தரம், மூடுபனியும் ஒளிக்கற்றையும், திரைவழிப் பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் ஒக்லூஷன் (மூலைமுடுக்குகளில் விழும் மென்நிழல்): இந்த நான்கும் சிப்பில் படம் வரையும் பகுதியான ஜிபியுவை அதிகம் தின்பவை. இவற்றை மீடியத்துக்கோ லோவுக்கோ இறக்குங்கள். கூட்டத்தின் அடர்த்தி, தொலைதூரக் காட்சி ஆகியவை கணக்குப் போடும் பகுதியான சிபியுவின் வேலை. நகரத்தில் நடக்கும் கேம்களில் இதைக் குறைத்தால் நல்ல பலன் உண்டு.

டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) மட்டும் தொடாமல் விடலாம். அது நினைவகத்தை நிரப்புமே தவிர வாட்டைப் பெரிதாக ஏற்றாது. அதைக் குறைத்தால் படம் அசிங்கமாவதுதான் மிச்சம். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் முறை) இருந்தால் ஆஃப். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சைபர்பங்க் 2077 போன்ற சில கேம்களில் ஸ்டீம் டெக்குக்கென்றே ஒரு ப்ரீசெட் (முன்கூட்டியே அமைத்த தொகுப்பு) இருக்கிறது. அதை வைத்துத் தொடங்கி, மேலே சொன்ன நான்கையும் மட்டும் இறக்கிப் பாருங்கள்.

ஒவ்வொன்றாக மாற்றி, வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்தால் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் இறங்கியது என்றால் அந்த அமைப்பைப் பழையபடியே விட்டுவிடுங்கள். அழகைக் காவு கொடுத்து வாங்க அதில் ஒன்றுமில்லை.

6. தெளிவைக் குறைத்து எஃப்எஸ்ஆரால் ஈடுகட்டுவது

எஃப்எஸ்ஆர் என்பது குறைந்த தெளிவில் (ரெசல்யூஷனில்) வரைந்த படத்தைக் கூர்மை கெடாமல் பெரிதாக்கும் முறை. கேமுக்குள்ளேயே எஃப்எஸ்ஆர் 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் அதையே 'குவாலிட்டி'யில் வையுங்கள். டெக்கின் பொதுவான எஃப்எஸ்ஆரைவிட அது நல்ல படம் தரும், ஏனெனில் முந்தைய ஃபிரேம்களின் தகவலும் அதற்குக் கிடைக்கிறது. இப்படி வைத்துவிட்டால் அடுத்த பத்திகளைத் தாண்டிவிடலாம். இரண்டு எஃப்எஸ்ஆரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும்.

கேமுக்குள் இல்லையென்றால், கேமின் தெளிவை 1280×800-இலிருந்து 1024×640-க்கோ 960×600-க்கோ இறக்குங்கள். முதலாவதில் புள்ளிகள் 64 சதவீதமாகும், இரண்டாவதில் சுமார் 56 சதவீதம். பிறகு பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்கேலிங் ஃபில்டரை எஃப்எஸ்ஆருக்கு (புதிய பதிப்புகளில் 'ஷார்ப்' என்ற பெயரில் இருக்கும்) மாற்றி, ஷார்ப்னஸை 2 அல்லது 3-இல் தொடங்குங்கள்.

புதியவர்கள் வழுக்கும் இடம் இங்கேதான். தெளிவை இறக்காமல் ஃபில்டரை மட்டும் ஆன் செய்கிறார்கள். பெரிதாக்க எதுவும் இல்லாதபோது எஃப்எஸ்ஆர் வேலையே செய்யாது, வாட்டும் குறையாது. கேம் ஃபுல்ஸ்கிரீன் முறையில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பார்டர்லெஸ் முறையில் பல கேம்கள் தெளிவை மாற்றவே விடாது. கேமின் ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் 'கேம் ரெசல்யூஷன்' என்று ஓர் இடம் உண்டு, அங்கே அமைத்தால் கேம் அதற்குக் கட்டுப்படும்.

சிறு எழுத்துகள் நிறைந்த கேம்களில், குறிப்பாக அட்டவணையும் பட்டியலுமாக இருக்கும் வியூகக் கேம்களில், இந்தப் படியே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் கண் வலிக்கும்.

7. இப்போது டிடிபி

வேலையைக் குறைத்தாயிற்று. சிப்புக்கு இப்போது 15 வாட் தேவையே இருக்காது. அப்படியானால் வரம்பு எதற்கு? காட்சி மாறும்போதும் லோடிங் ஓடும்போதும் சிப் தேவைக்குமேல் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கத்தான்.

முறை இது. அளக்கத் தேர்ந்த அதே கனமான இடத்துக்குப் போங்கள். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிடிபி லிமிட்டை ஆன் செய்து 15-இல் வையுங்கள். ஒவ்வொரு வாட்டாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் கேமராவை ஒரு சுற்று சுற்றி அரை நிமிடம் கவனியுங்கள். ஓவர்லேயில் ஓடும் ஃபிரேம் நேரத்தின் கோடு நேராக இருக்கும்வரை இறக்கிக்கொண்டே போகலாம். கோடு மேலும் கீழும் குத்தத் தொடங்கியதும் நிறுத்தி, 1 அல்லது 2 வாட் ஏற்றி விட்டுவிடுங்கள். நீங்கள் சோதிக்காத இடத்தில் இதைவிடக் கனமான காட்சி வரக்கூடும். அந்தக் கூடுதல் அதற்காக.

தொடங்குவதற்கு உத்தேச எண்கள்: எளிய 2டி கேம்கள் 4 முதல் 6 வாட், பத்து வருடப் பழைய 3டி கேம்கள் 7 முதல் 9, 40 ஃபிரேமில் கட்டிய புதிய பெரிய கேம்கள் 11 முதல் 13. பிறர் எழுதி வைத்த எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவர்களுடைய ஃபிரேம் வரம்பும் கிராபிக்ஸும் வேறாக இருந்தால் அந்த எண்ணுக்கு உங்கள் டெக்கில் பொருளில்லை.

4 வாட்டுக்குக் கீழே போவதால் பெரிய பலனில்லை. அந்த மட்டத்தில் திரையும் மற்றவையும்தான் செலவில் பெரும்பங்கு. ஒரு வாட் மிச்சம் பிடிக்கப்போய் மெனு திறப்பதற்கே மூச்சு வாங்கும். தப்பித்தவறி 3 வாட்டில் வைத்து டெக் உறைந்ததுபோல் ஆனால் பதற வேண்டாம். மூன்று புள்ளி பட்டனை அழுத்திப் பொறுமையாகக் காத்திருங்கள், மெனு மெல்ல வரும்.

8. ஜிபியு கிளாக்: பெரும்பாலும் தொடாதீர்கள்

'மேனுவல் ஜிபியு கிளாக்' என்ற சுவிட்ச் ஜிபியுவை ஒரே வேகத்தில் பூட்டிவைக்கும். கேம் நன்றாக ஓடட்டும் என்று இதை 1600 மெகாஹெர்ட்ஸில் வைப்பவர்கள் உண்டு. மெனுவில் சும்மா நிற்கும்போதும் ஜிபியு அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும், பேட்டரியும் கரையும்.

இது உதவும் இடம் ஒன்றுதான்: சிபியு திணறி, ஜிபியு சும்மா இருக்கும் கேம்கள். நகரம் கட்டும் கேம்களும் எமுலேட்டர்களும் (வேறு கருவிகளின் கேம்களை ஓட்டும் மென்பொருள்கள்) இப்படிப்பட்டவை. ஒரே டிடிபியை இருவரும் பங்கு போடுகிறார்கள் என்பதால், ஜிபியுவை 800 அல்லது 1000-இல் கட்டிப்போட்டால் மிச்சம் சிபியுவுக்குப் போகும்.

பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) மின்னழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதம். ஒருவருக்குத் தாங்கிய அளவு இன்னொருவரின் டெக்கை நடு ஆட்டத்தில் அணைத்துவிடும். மற்ற எல்லாப் படிகளையும் முடித்து, அப்போதும் போதவில்லை என்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

9. திரை

எல்சிடியில் காட்சி இருட்டாக இருந்தாலும் பின்விளக்கு முழுதாக எரியும். அதனால் வெளிச்ச ஸ்லைடர் ஒன்றுதான் கணக்கு. அறைக்குள் பாதிக்குக் கீழே வைத்துப் பழகுங்கள், கண் ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொள்ளும்.

ஓஎல்இடியில் கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும். குகையும் இரவுமாக இருக்கும் கேம் குறைவாகவும், பனிமலைக் கேம் அதிகமாகவும் இழுக்கும். எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் முறை) ஆன் ஆகியிருந்தால் பிரகாசமான இடங்கள் 1000 நிட்ஸ் வரை ஏறும். அழகுதான், பயணத்தில் ஆஃப் செய்யுங்கள்.

மே மாத மதியத்தில் மொட்டைமாடியிலோ நிறுத்திய காருக்குள்ளோ வைத்து ஆடாதீர்கள். சுற்றுப்புறம் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் டெக்குக்கு ஏற்றது. அதற்குமேல் விசிறி கத்தும், சூடான சிப்புக்குள் வீணாகும் மின்சாரம் கூடும், அதே வேலைக்கு வாட் ஏறும். தலையணையில் வைத்து ஆடினால் பின்பக்கம் காற்று உள்ளே போகும் வழி அடைபட்டு இதே கதை வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

10. வை-ஃபை, டவுன்லோடு, பயணத்துக்கு முந்தைய நாள்

வை-ஃபையை அணைப்பதால் நேரடியாகக் கிடைப்பது கொஞ்சம்தான். பின்னணியில் இறங்கும் அப்டேட்தான் திருடன். டவுன்லோடும் அதைப் பிரித்து எழுதும் வேலையும் சிபியுவையும் எஸ்எஸ்டியையும் எழுப்பிவைக்கும். டவுன்லோட்ஸ் செட்டிங்ஸில் கேம் ஓடும்போது டவுன்லோடை அனுமதிக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தனியாக ஆடும் கேம் என்றால் ஏரோபிளேன் மோடே போதும்.

ஆனால் ரயிலில் ஏறிய பிறகு முதன்முறையாக ஒரு கேமைத் திறக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் துணைக் கோப்புகள் நிறுவப்படும், ஷேடர்கள் (படம் வரைய ஜிபியுவுக்கு வேண்டிய சிறு நிரல்கள்) தயாராகும். சிபியு முழுமூச்சில் ஓடும். இணையமும் தேவைப்படும், கிடைக்காவிட்டால் கேம் திறக்காமலே போகலாம். முந்தைய நாள் இரவு, சார்ஜரில் இருக்கும்போது, கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து ஆட்டத்துக்குள் நுழைந்து வெளியே வாருங்கள். சேவ் கிளவுடுக்கு ஏறிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் இருந்தால், சோபாவில் உட்கார்ந்து ஆடுவதற்கு மேலே சொன்ன எதையும்விட ரிமோட் பிளே சிறந்தது. கேம் கம்ப்யூட்டரில் ஓடும். டெக் வீடியோவை மட்டும் பிரித்துக் காட்டும். எவ்வளவு பெரிய கேமானாலும் டெக்கின் செலவு ஒரு சினிமா பார்க்கும் செலவுதான். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கேபிள் இருக்கட்டும், டெக்கை 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் இணையுங்கள்.

11. தூக்கமா, ஷட்டவுனா

பவர் பட்டனை ஒருமுறை தட்டினால் டெக் தூங்கும். ஆட்டம் ரேமில் இருப்பதால் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்குத் தூக்கம் சரி. வெள்ளிக்கிழமை மூடி வைத்து அடுத்த வாரம் எடுப்பதானால் பட்டனை நீளமாக அழுத்தி ஷட்டவுன் கொடுங்கள்.

தூங்குவதற்கு முன் சேவ் போடுவதை வழக்கமாக்குங்கள். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் ரேமில் இருந்த ஆட்டமும் போய்விடும்.

மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதானால் பேட்டரியைப் பாதி அளவில் வைத்து ஸ்டோரேஜ் மோடில் போடுங்கள். அணைத்த நிலையில் வால்யூம் கூட்டும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, சத்தம் கேட்டதும் விட்டால் பயாஸ் வரும். செட்டப் யுடிலிட்டி, பவர், பேட்டரி ஸ்டோரேஜ் மோட் என்று போய் ஒப்புக்கொண்டால் டெக் அணைந்துவிடும். பிறகு பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் எழாது. சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். இது தெரியாமல் டெக் செத்துவிட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

12. பவர் பேங்க்

டெக்கின் சார்ஜர் 45 வாட்: 15 வோல்ட், 3 ஆம்பியர், யுஎஸ்பி-சி பவர் டெலிவரி (பி.டி.) முறை. பவர் பேங்கின் உடம்பில் பொடி எழுத்தில் இந்த 15 வோல்ட், 3 ஆம்பியர் வரி இருக்கிறதா என்று படியுங்கள். 18 வாட் மட்டுமே தரும் பேங்கைச் செருகி 24 வாட் கேம் ஆடினால் சார்ஜ் ஏறுவதற்குப் பதிலாக மெதுவாக இறங்கும்.

80 வாட் என்று அச்சிட்ட மொபைல் சார்ஜர் வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். அந்த 80 வாட் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த ஃபாஸ்ட் சார்ஜ் முறையில், அதன் போன்களுக்கு மட்டும் கிடைப்பது. டெக்கில் செருகினால் மெதுவான சார்ஜர் என்ற எச்சரிக்கைதான் வரும். 65 வாட் லேப்டாப் பி.டி. சார்ஜரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், டெக் தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்டு வாங்கும்.

கொள்ளளவுக் கணக்கு: 20,000 எம்ஏஎச் என்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. மின்னழுத்தம் மாற்றுவதில் வீணாவது போக 60 வாட்-மணி அளவில் கைக்கு வரும். எல்சிடி டெக்கை ஒன்றரை முறை நிரப்பலாம். விமானத்தில் 100 வாட்-மணி வரைதான் முன் அனுமதியின்றி ஏற்றுவார்கள், அதுவும் கைப்பையில் மட்டும். ஆகவே 27,000 எம்ஏஎச்சுக்கு மேல் வாங்குவதில் பயணிக்குப் பயனில்லை.

13. பேட்டரியின் ஆயுள்

இதுவரை சொன்னது ஒரு சார்ஜ் எத்தனை மணி ஓடும் என்பது. பேட்டரி எத்தனை வருடம் ஓடும் என்பது வேறு. லித்தியம் பேட்டரியைக் கிழடாக்குபவை இரண்டு: சூடு, நூறு சதவீதத்திலேயே நிற்பது. டாக்கில் (டெக்கை டிவியோடும் சார்ஜரோடும் இணைக்கும் தாங்கி) போட்டு டிவியில் ஆடுபவர்களின் டெக் இந்த இரண்டையும் ஒருசேர அனுபவிக்கிறது.

செட்டிங்ஸ், பவர் பக்கத்தில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளலாம். தினமும் வெளியே எடுத்துப்போய் ஆடுபவர்கள் இந்த வரம்பைப் போட்டுக்கொண்டு அவதிப்பட வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை இப்போதே இழப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க டெஸ்க்டாப் மோடுக்குப் போய் இன்ஃபோ சென்டரில் எனர்ஜி பக்கத்தைத் திறங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது படியில் போட்ட வகுத்தல் கணக்குக்கு 40, 50 என்பதற்குப் பதிலாக இந்த இரண்டாவது எண்ணைப் பயன்படுத்தினால் நேரம் சரியாக வரும்.

டெக்கின் பின்மூடி உப்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். இந்தியாவில் டெக் அதிகாரப்பூர்வமாக விற்கப்படாததால், பழுது பார்க்க லேப்டாப் கடைகளைத்தான் பலரும் நாடுகிறார்கள். கொடுக்கும் முன் மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கார்டு உள்ளே இருக்கப் பின்மூடியைத் திறந்தால் கார்டு இரண்டாக முறியும். பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கக் கூடிய பேட்டரி அல்ல அது.